வேலி போட்ட காலம்



ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில் நீங்கள் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். வலக்கைப் பக்கமாக நீலம் பூத்தாற்போல் நிற்கிறதே மலைத்தொடர், அதன் உள்ளே இருக்கும் சில ஊர்களின் பெயரைக் கேளுங்கள். போஸ் லெகாப், போஸ் பியா. 'போஸ்' என்றால் காவல் நிலை. மனிதர் குடியிருக்கும் ஊருக்குக் காவல் நிலையின் பெயர் ஏன் வந்தது? சாலை ஓரங்களில் 'கம்போங் பாரு' என்று பலகை தொங்கும் ஊர்களும் உண்டு. புதுக் கிராமம் என்று பெயர். ஆனால் அந்தப் 'புது'வுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது! இன்னொன்றும் கேட்கிறேன். நம் பழைய தோட்டங்கள் பலவற்றில், தூரத்துத் தூரத்து டிவிசன்களில் இருந்த லயங்களையெல்லாம் பிடுங்கி, பெரிய சாலைக்கும் ஆபீசுக்கும் பக்கத்தில் ஒரே கொத்தாக வைத்தார்களே, அது எதற்காக?

இந்த மூன்று கேள்விக்கும் விடை ஒன்றுதான். பட்டாளம் வந்தது. அது வந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இதில் நம்முடைய கதை பாதி. மலையில் வாழும் ஓராங் அஸ்லி மக்களின் கதை பாதி. நம் பாதி நமக்கு ஓரளவு தெரியும். அவர்கள் பாதியை நாம் கேட்டதே இல்லை.

கதை ஒரு தீவில் தொடங்குகிறது. பள்ளி விடுமுறையில் படகேறிப் போகிறோமே, அதே பங்கோர் தீவுதான். 1874 ஜனவரி 20ஆம் நாள் அந்தத் தீவை ஒட்டி நின்ற கப்பலில் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி பேராக்கிற்கு ஆங்கிலேய ரெசிடெண்டு வந்தார். பங்கோர் தீவும் அதை அடுத்த டிண்டிங்ஸ் கரையும் ஆங்கிலேயர் கைக்குப் போயின; 1935இல்தான் அவை பேராக்கிடம் திரும்பி வந்தன. முதல் ரெசிடெண்டு பெர்ச் 1875 நவம்பர் 2ஆம் தேதி பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். உடனே இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் பட்டாளங்கள் வந்து இறங்கின. சிறிய போர்தான், சில மாதத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு நிலத்தைப் பார்க்கும் கண்ணே மாறிப் போயிற்று. பட்டா இருந்தால் உன் நிலம், இல்லாவிட்டால் சர்க்கார் நிலம் என்றாயிற்று. பட்டா என்ற சொல்லையே கேட்டறியாத மலைமக்களுக்கு இது எப்படிப் புரியும்?

செமாய், தெமியார் மக்களிடம் நிலத்துக்கு வேறு கணக்கு இருந்தது. இந்த ஓடையிலிருந்து அந்த முகடு வரை இன்ன கூட்டத்தாருடையது. அந்த டுரியான் மரம் இன்ன பாட்டன் நட்டது, பேரப்பிள்ளைகளுக்குச் சேரும். ஓரிடத்தில் மலைநெல்லும் மரவள்ளியும் பயிரிட்டுவிட்டு, மண் இளைப்பாறட்டும் என்று அடுத்த இடத்துக்குப் போவார்கள். வெளியாள் பார்த்தால் வெறும் காடு. அவர்களுக்கு அது வீடும் வயலும் இடுகாடும். ஆங்கிலேயர் வருவதற்கு முன்னும் இவர்கள் சுகமாக இருந்துவிடவில்லை. அடிமை பிடிக்க வருவோருக்கு அஞ்சி மலை ஏறி ஒளிந்தவர்கள் இவர்கள். பேராக்கில் 1883ஆம் ஆண்டு முடிவோடு அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் பெரியவர்கள் சிலர் இன்றும் 'சக்காய்' என்கிறார்களே, அந்தச் சொல்லில் அடிமை என்ற வாடை இருக்கிறது. 'அஸ்லி' என்பதோ நாம் தமிழில் 'அசல்' என்கிறோமே, அதே அரபுச் சொல்லின் கிளை. அசல் குடிமக்கள். இனி அப்படியே சொல்வோம்.

நம் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்ததும், முதலில் கரும்பு, பிறகு ரப்பர் என்று காட்டை அழித்துத் தோட்டம் போட்டதும் நீங்கள் அறிந்தவை. அந்தக் காடு முன்பு யாருடையது என்று நம் தாத்தாமார் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். காட்டச் சொன்ன இடத்தில் வெட்டினார்கள். 1942இல் ஜப்பானியப் பட்டாளம் ஆள ஆரம்பித்ததும், அதே தோட்டங்களிலிருந்து ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனது. 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டுத் திரும்பாதவர்கள் எத்தனை பேர்! அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பட்டாளத்துக்கு ஆள் வேண்டுமென்றால், முதலில் அதன் கண்ணில் படுவது லயம்.

இப்போது 1948க்கு வருவோம்.

ஜூன் 16ஆம் நாள் காலை, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்து மானேஜர் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறிது நேரத்துக்குள் பக்கத்துத் தோட்டமொன்றில் இன்னும் இரு வெள்ளைக்காரர்கள். சுட்டவர்கள் கம்யூனிஸ்டுகள். இரண்டே நாளில் மலாயா முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு வருடம் நடந்த சண்டைக்கு 'போர்' என்று பெயர் வைக்கவில்லை. போர் என்று சொல்லிவிட்டால் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் லண்டன் இன்சூரன்ஸ் கம்பெனிகள் நஷ்டஈடு தரா என்பதால்தான் அந்தப் பெயர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அப்படியானால் இதில் காக்கப்பட்டது எது என்று புரிகிறதல்லவா? உலகப் போரில் கடன்பட்டுக் கிடந்த பிரிட்டனுக்கு அமெரிக்க டாலரை அள்ளிக் கொடுத்தவை மலாயாவின் ரப்பரும் ஈயமும்தான். ரப்பரை வெட்டியது நம் கை. ஈயம் கிந்தா பள்ளத்தாக்கிலிருந்து போனது.

சண்டை உச்சத்தில் இருந்தபோது சுமார் 40,000 படைவீரர்கள், அதற்கு மேல் போலீசும் ஊர்க்காவல் படையும் இருந்தன. காட்டுக்குள் இருந்தவர்கள் அதிகம் போனால் 8,000 பேர். இவ்வளவு பெரிய படை ஏன் திணறியது? காட்டில் இருப்பவனுக்குச் சோறு காட்டின் ஓரத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. ஆகவே, 1950இல் வந்த ஜெனரல் பிரிக்ஸ் வேறு மாதிரி யோசித்தார். காட்டுக்குள் போய்ப் பகைவனைத் தேடுவதைவிட, காட்டோரத்தில் இருக்கும் மக்களைப் பெயர்த்து எடுத்துவிடுவது சுலபம். ஜப்பான் காலத்துப் பஞ்சத்தில் காட்டோரம் போய் மரவள்ளி போட்டுப் பிழைத்த சீனர்கள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் புதுக் கிராமங்களுக்குப் போனார்கள். தோட்டத்திலும் சுரங்கத்திலும் ஏறக்குறைய ஆறரை லட்சம் பேரை இடம் மாற்றியோ, இருந்த இடத்திலேயே சுற்றி வேலி போட்டோ வைத்தார்கள் என்று கெர்னியல் சிங் சந்து என்ற புவியியல் அறிஞர் கணக்கிட்டார். புதுக் கிராமத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. ஆறரை லட்சத்தைப் பற்றி யார் பேசினார்கள்?

லயத்துக்கு வேலி போட்ட கதையை எங்கள் பாட்டி சொல்லித்தான் நான் முதலில் கேட்டேன். "முள்கம்பி ரெண்டு சுத்து. ராத்திரி வெளிய வந்தா சுட்டுருவான். விடியக்காலம் பெரட்டு முடிஞ்சி வெட்டுக்குப் போறப்ப வாசல்ல நிப்பாட்டித் தடவிப் பாப்பாங்க. சோறு எடுத்துட்டுப் போகக்கூடாது. பால் வாளியக் கவுத்துக் காட்டணும். பசியோடதான் வெட்டுனோம்." பகல் சோறு இல்லாமல் பால் எடுத்து முடித்து வரும்வரை வெறும் வயிறு. பிள்ளை பெற்று மூன்று மாதமான பெண்ணுக்கும் அதே சட்டம்தான். கடையில் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். அப்போதுதான் அதைச் சேர்த்து வைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாது. சில இடங்களில் அரிசியே விற்காமல் பொதுச் சமையலில் வடித்த சோற்றைக் கொடுத்தார்கள். சோறு கெட்டுப் போகும், அரிசி கெடாது, அந்தக் கணக்குத்தான். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை வந்ததும் 1948இல், இந்த அவசரகாலத்தில்தான். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் ஐ.சி.க்கு அதுதான் பாட்டன்.

தஞ்சோங் மாலிமில் நடந்ததை மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டும். 1952 மார்ச்சில், தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கப் போனவர்களைக் காட்டில் மறைந்திருந்தவர்கள் தாக்கிப் பன்னிரண்டு பேரைக் கொன்றார்கள். ஹைகமிஷனர் டெம்ப்ளர் நேரில் வந்தார். ஊர் முழுவதற்கும் நாளுக்கு இருபத்திரண்டு மணி நேர ஊரடங்கு, அரிசிப் பங்கில் வெட்டு. சுட்டவன் காட்டில், பட்டினி ஊரில்.

ஒருபக்கத்தை மட்டும் சொன்னால் நியாயமில்லை. காட்டிலிருந்து வந்தவர்கள் நம் ஆட்களுக்கு நல்லது செய்துவிட்டுப் போகவில்லை. ரப்பர் மரங்களைக் கொத்திப் பாழாக்கினார்கள். மரம் பாழானால் துரைக்கு இன்சூரன்ஸ் இருந்தது. வெட்டுக்காரனுக்கு என்ன இருந்தது? கிராணி, மண்டோர், கூலிக்காரர் என்று பாராமல் சுட்டார்கள். மறுத்தால் அவர்கள் சுடுவார்கள், கொடுத்தால் இவர்கள் பிடிப்பார்கள். அந்தக் காலத்தில் நாக்கை அடக்கப் பழகியவர்கள்தான் இன்றும் 'எதுக்கு நமக்கு வம்பு' என்கிற நம் தாத்தா பாட்டிகள்.

வேலி போட்டது உடம்புக்கு மட்டுமன்று. போர் முடிந்த 1945க்கும் 1948க்கும் இடையில் தோட்டத்து ஆட்கள் சங்கம் கட்டிச் சம்பளம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். 1948 ஜூனில் மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்குப் பதிவு மறுக்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். முதல் நாள்தான் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர்கள் கொள்கை சரியா தவறா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்குப் பிறகு ஐந்தாறு வருடம், தோட்டத்தில் நாலு பேர் கூடிப் பேசினாலே சந்தேகம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒன்றுபட்டு எழுந்தது 1954இல்தான்.

சரி, மலைக்குப் போவோம். வேலிக்கு அந்தப் பக்கம்.

ஜப்பான் காலத்திலேயே காட்டுக்குள் இருந்த கெரில்லாக்களுக்கு மலைமக்கள் சோறு போட்டிருந்தார்கள். அந்தப் பழக்கம் தொடர்ந்தது. கம்யூனிஸ்டுகள் 'அசல்' என்ற பெயரிலேயே அவர்களிடையே குழுக்கள் அமைத்தார்கள். பட்டாளம் என்ன செய்தது? தோட்டத்தில் செய்ததையே மலையிலும் செய்தது. செமாய், தெமியார் குடும்பங்களை மலையிலிருந்து இறக்கிச் சமவெளியில் முள்கம்பி முகாம்களில் அடைத்தது. சில்லென்ற மலைக்காற்றில், ஆளுக்கு ஆள் விலகி வாழ்ந்தவர்கள்; அவர்களைக் கொதிக்கும் வெயிலில் ஒருவர்மேல் ஒருவராக வைத்தால் என்ன ஆகும்? நோய் வந்தது. பழகாத சாப்பாடு. வேட்டை இல்லை, ஆறு இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். மனம் உடைந்தே இறந்தார்கள் என்று அந்நாளில் அவர்களோடு பழகியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தப்பிக்க முடிந்தவர்கள் காட்டுக்கே ஓடினார்கள், நேராகக் கம்யூனிஸ்டுகளிடம். காட்டுக்குள் தென்பட்ட பயிர்களையோ விமானத்திலிருந்து மருந்து தெளித்து அழித்தார்கள். மேலே பறப்பவனுக்கு அது யார் போட்ட மரவள்ளி என்று எப்படித் தெரியும்?

பட்டாளம் தன் தவற்றை உணர்ந்தது என்றே சொல்ல வேண்டும். இரக்கம் பிறந்ததாலா, திட்டம் பலிக்காததாலா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மக்களை முகாமுக்குக் கொண்டுவருவதை விட்டுவிட்டு, 1952-53 தொடங்கி, முகாமை மக்களிடம் கொண்டுபோனார்கள். நடுக்காட்டில் கோட்டைகள். பேராக்கில் லெகாப் கோட்டை, கெமார் கோட்டை. சிறு விமானம் இறங்க ஒரு திடல், போலீஸ் படை, மருந்து, உப்பு, துணி விற்க ஒரு கடை. உப்புக்கும் மருந்துக்கும் வருகிறவர்கள் மெல்ல மெல்ல அங்கேயே தங்கினார்கள். மலைமக்களுக்குப் புது வேலையும் வந்தது: திடல் வெட்ட, மூட்டை சுமக்க, வழிகாட்ட. 1956இல் 'செனோய் பிராக்' என்ற அவர்களுடைய தனிப் படையே அமைந்தது. அமைதிக்குப் பேர்போனவர்கள் செமாய் மக்கள். கை ஓங்குவதையே வெட்கம் என்று நினைப்பவர்கள். அவர்கள் தோளிலும் துப்பாக்கி ஏறிவிட்டது.

இந்தக் கோட்டைகள்தாம், மாணவச் செல்வங்களே, பின்னாளில் 'போஸ்' ஆயின.

கோட்டையைவிட நீண்ட காலம் நின்றது சட்டம். 1954இல் வந்த பூர்வகுடிகள் சட்டம் பேராக்கின் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி எழுதப்பட்டது; இன்றும் அது 134ஆம் சட்டமாக இருக்கிறது. கம்யூனிஸ்டுகளிடமிருந்து மலைமக்களைப் பிரிப்பது அன்றைய அவசரம். அந்த அவசரத்தில் பிறந்த சட்டம் இது. மலைப் பகுதிக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் சர்க்காருக்கு. நிலத்தில் அவர்களுக்கு உரிமை என்ன? சட்டத்தின் வார்த்தையைத் தமிழில் சொன்னால், சொந்தக்காரர் விரும்பும் வரை குடியிருப்பவர். சர்க்கார் எடுத்துக்கொண்டால், நட்ட மரத்துக்கும் பயிருக்கும் நஷ்டஈடு உண்டு. மண்ணுக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்ற விதி இல்லை. எத்தனையோ தலைமுறையாக இருந்தவன், தன் மலையிலேயே வாடகைக்காரன் மாதிரி!

இதைப் படிக்கும் தோட்டத்து ஆட்களுக்கு இது எங்கோ கேட்ட மாதிரி இருக்குமே? லயம் யாருடையது? துரையுடையது. வேலை போச்சுன்னா வீடும் போச்சு. மூன்று தலைமுறை அதே வாசலில் கோலம் போட்டிருந்தாலும் காகிதத்தில் நமக்கு ஒன்றும் இல்லை. அவர்களைப் 'போய்க்கொண்டே இருப்பவர்கள், நிலம் எதற்கு' என்றார்கள். நம்மை 'வேலைக்கு வந்தவர்கள், நிலம் எதற்கு' என்றார்கள்.

இது பேராக்கில் மட்டும் நடந்ததன்று. இந்தியப் பெருங்கடலின் நடுவே டியாகோ கார்சியா என்று ஒரு தீவு. சாகோஸ் தீவுகளில் பெரியது. அங்கே தென்னந்தோட்டங்களில் பல தலைமுறையாக வேலை செய்து வாழ்ந்த மக்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்தவர்கள். இந்தியாவிலிருந்து போனவர்களும் உண்டு. அமெரிக்காவுக்குப் படைத்தளம் கொடுப்பதற்காகப் பிரிட்டன் 1968க்கும் 1973க்கும் இடையில் அந்த மக்கள் முழுவதையும் மொரிஷியசுக்கும் செஷல்சுக்கும் அப்புறப்படுத்தியது. சொன்ன காரணம் என்ன தெரியுமா? இவர்கள் மண்ணின் மக்களல்லர், ஒப்பந்தத் தொழிலாளர்தாம் என்றார்கள். தீவு முழுவதும் ஒரே தோட்டம். தோட்டம் கைமாறியதும் ஊரே காலி. பங்கோரில் சுற்றுலா போய்க் கடலைப் பார்த்து நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்கிறேன்.

1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிந்தது. வேலிகளைப் பிரித்தார்கள். மக்கள் பழைய இடத்துக்குத் திரும்பினார்களா? பெரும்பாலும் இல்லை. பழைய டிவிசன்களில் லயம் இருந்த இடத்தில் ரப்பர் வளர்ந்துவிட்டது. இதற்குள், சுதந்திரம் வரப்போகிறது என்று கணக்குப் போட்ட வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில, தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பின. துண்டு வாங்கியவருக்கு லயத்து ஆட்கள் தேவைப்படவில்லை. அந்த அடியைத் தாங்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்து வெள்ளி பத்து வெள்ளியாகப் பாட்டாளிகள் சேர்த்த பணத்தில் தோட்டம் வாங்கிய கதை உங்களுக்குத் தெரியும். அந்த வெள்ளி ஒவ்வொன்றிலும், நாளைக்கு யாரும் நம்மைப் பெயர்க்கக் கூடாது என்ற பயம் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

மலைமக்களுக்கு அப்படியொரு சங்கம் இல்லை. கம்யூனிஸ்டுகள் தாய்லாந்து எல்லையிலிருந்து மறுபடி தலைதூக்கியதும் பட்டாளம் மறுபடி மலையேறியது. உலு பேராக்கில் 1970களில் தெமெங்கோர் அணை கட்டப்பட்டது. பள்ளத்தாக்கு ஏரியாயிற்று. அங்கிருந்த தெமியார், ஜஹாய் மக்களுக்கு மறுகுடியமர்வுத் திட்டங்கள்: கெமார், பானுன். மின்சாரம் ஒரு காரணம், எல்லைப் பாதுகாப்பு இன்னொரு காரணம். வீடும் பள்ளியும் மருந்தகமும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் பழைய மலைநெல்லுக்கு அங்கே இடம் போதாது. அதற்குப் பதில் ரப்பர் கன்று கொடுத்தார்கள். நம்மவர் கையிலிருந்து பால்கத்தி நழுவிக்கொண்டிருந்த காலத்தில், அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹட்யாயில் சமாதானம் கையெழுத்தானது. சண்டைக்காக இறக்கி வைத்தவர்கள், சண்டை முடிந்த பின்னும் இறக்கி வைத்த இடத்திலேயே இருந்தார்கள்.

ஒரு மாறுதல் நீதிமன்றத்தில் வந்தது. சிலாங்கூரில் விமான நிலையச் சாலைக்காகத் தம் நிலத்தை இழந்த தெமுவான் மக்கள், சாகோங் தாசி முதலானோர், வழக்குப் போட்டார்கள். வழிவழியாக வாழ்ந்த நிலம் அவர்களுக்கே உரியது, மண்ணுக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்று 2002இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இத்தகைய வழக்குகளில் சாட்சியாக வருபவை எவை? பட்டா இல்லையே! பாட்டன் நட்ட டுரியான் மரம், முன்னோரைப் புதைத்த இடம், ஓடைக்கு இட்ட பெயர், இன்ன ஆண்டில் இங்கிருந்து அங்கே கொண்டுபோனார்கள் என்று கிழவர்கள் சொல்லும் நினைவு.

நம்மிடம் எது இருக்கிறது? தோட்டங்கள் பல இப்போது செம்பனை, பல வீடமைப்புப் பகுதி. லயம் இருந்த இடம் தெரியவில்லை. அதனால் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும், வீட்டில் எண்பதைத் தாண்டியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம்? லயம் எங்கிருந்து எங்கே மாறியது? வேலிக்கு வாசல் எந்தப் பக்கம்? வாசலில் நின்றது யார்? மலையிலிருந்து பெத்தாயும் பிரம்பும் கொண்டுவந்து விற்றவர்கள் யாராவது வருவார்களா, அவர்கள் எப்போதிலிருந்து வராமல் போனார்கள்? நாலு வரி போதும். எழுத்துப் பிழை பார்க்க மாட்டேன். அடுத்த மலருக்குள் கொடுத்துவிடுங்கள்.